ஊராட்சி மன்றமும் ஊர்க் குறைகளும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

ஆட்சி என்றதும் நம் நினைவு சென்னைக் கோட்டைக்கும் தில்லிக்கும் ஓடுகிறது. ஆனால் காலையில் குழாயில் தண்ணீர் வருமா, தெருவிளக்கு எரியுமா, மழை பெய்தால் சாக்கடை வாசலுக்குள் புகுமா, இறந்தவரைச் சுமந்து செல்லப் பாதை உண்டா என்னும் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியது ஊராட்சி மன்றமே. தமிழகத்தில் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. நம் கல்லூரி மாணவ மாணவியரில் பெரும்பாலோர் அவற்றுள் ஏதோ ஒன்றிலிருந்து காலைப் பேருந்தில் வந்து சேர்கிறவர்கள்தாம். ஆயினும் தம் ஊர்க் கிராம சபையில் ஒருமுறையேனும் அமர்ந்தவர் நம்மில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஊரில் ‘பஞ்சாயத்து’ என்ற சொல் இரண்டு பொருளில் வழங்குகிறது. மரத்தடியில் பெரியவர்கள் கூடிக் குடும்பச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்வதும் பஞ்சாயத்து. வரி வாங்கி விளக்குப் போடுவதும் பஞ்சாயத்து. முன்னதற்குச் சட்டத்தில் இடமில்லை. காதல் மணம் புரிந்தவர்களைத் தண்டிக்கும் கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்ட விரோதமானவை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், தமிழகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே கூறிவிட்டது. நாம் இங்கே பேசுவது வாக்குச் சீட்டால் அமையும் ஊராட்சி மன்றத்தைப் பற்றி மட்டுமே.

இத்தகைய கட்டுரைகளில் உத்திரமேரூர் இடம்பெறாமல் இருப்பதில்லை. நானும் அதை விட்டுவிடப் போவதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பணிகள் பகுக்கப்பட்டன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்தில் பெயர் எழுதி இடப்படத் தகுதியற்றவர் என்ற விதியைப் படிக்கும்போது யாருக்கும் பெருமிதம் உண்டாகும். எனக்கும் உண்டாயிற்று. எனினும் அது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை; நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவருக்கே அதில் இடம் இருந்தது. ஏர் பிடித்தவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. என் பாட்டிக்கு இருந்திருக்காது, எனக்கும் இருந்திருக்காது. ஆகவே கணக்குக் கேட்ட பண்பை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வோம், மற்றதை விட்டுவிடுவோம்.

ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானம், 1920, 1950, 1958 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் என்று இடைக்கால வரலாறு நீளும். இன்று நடைமுறையில் இருப்பது, அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தத்தைத் தொடர்ந்து வந்த 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது, ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீடு, பெண்களுக்கு முதலில் மூன்றில் ஒரு பங்கும் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பாதியும் என இதன் ஏற்பாடுகள் அமைந்துள்ளன.

ஏட்டில் எழுதிய ஒதுக்கீடு எளிதாக நாற்காலிக்கு வந்துவிடவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில், தனித்தொகுதியில் வென்று தலைவரான முருகேசனும் அவருடன் சென்ற சிலரும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுக் காலம் முறையான தேர்தலே நடைபெற முடியவில்லை, 2006-இல்தான் நடந்தது. ஊராட்சித் தலைவர் பதவி ஒரு சின்னப் பதவி என்று நகரத்து நண்பர்கள் சிரிப்பதுண்டு. அந்தச் சின்னப் பதவிக்காக உயிர் எடுக்கவும் துணிந்தார்கள் என்றால், ஊரில் யாருக்கு முதலில் தண்ணீர், யார் தெருவுக்கு முதலில் சாலை என்பதை முடிவு செய்யும் இடம் அது என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள் என்றே பொருள்.

சரி, எந்தக் குறையை ஊராட்சியிடம் சொல்ல வேண்டும்? இங்கேதான் நம் மக்கள் நடையாய் நடந்து செருப்புத் தேய்கிறார்கள். குடிநீர், தெருவிளக்கு, தெருக்களின் தூய்மை, வடிகால், ஊர்ச் சாலை, சுடுகாடு, இடுகாடு ஆகியவை ஊராட்சியின் கட்டாயக் கடமைகள். பட்டாவும் சாதிச் சான்றிதழும் வருவாய்த் துறையினுடையவை. கிராம நிர்வாக அலுவலரைக் காண வேண்டும். மின்கம்பம் சாய்ந்தால் மின்வாரியம். அதில் எரியும் பல்பு போனால் ஊராட்சி. ஏரியின் கதை இன்னும் வேடிக்கை. ஊருக்கு நடுவே கிடக்கும் ஏரி ஊராட்சிக்கே சொந்தம் என்று எண்ணுகிறோம். ஆனால் நூறு ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் பாசன ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையின் பொறுப்பு. மடை உடைந்ததென்று ஊராட்சித் தலைவரைத் திட்டித் தீர்ப்பதால் மடை அடைபடாது.

அடுத்தது கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஊரார் அனைவரும் அதன் உறுப்பினர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களுடன் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரு நாள்களும் பின்னர் சேர்க்கப்பட்டன. 500 பேர் வரை உள்ள ஊருக்கு 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருக்க வேண்டும். வரவு செலவையும் தணிக்கை அறிக்கையையும் அங்கே வைத்தாக வேண்டும். நடைமுறையில், கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் கூட்டம் கலைந்துவிடுவதும், கையெழுத்துப் புத்தகம் பின்னர் வீடு வீடாகச் செல்வதும் பல ஊர்களில் உண்டு. கூட்டத்தில் எவ்வளவு உரக்கப் பேசினாலும், தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சு காற்றோடு போன பேச்சுதான். ஆகவே குறையை எழுதிக் கொடுத்து, தீர்மானமாக எழுதப்படும் வரை எழுந்திருக்காமல் இருப்பதே முறை.

எங்கள் ஊரில் நடந்ததையே சொல்கிறேன். ஊரில் ஏறக்குறைய 1,400 பேர். மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர். எங்கள் தெரு குழாயின் கடைக்கோடி. தொட்டியடித் தெருவில் வாளி நிரம்பி வழியும் நேரத்தில் எங்கள் தெருவில் குழாய் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும். என் அம்மாவுக்குத் தெரிந்த காலமெல்லாம் இதே நிலைதான். தலைவரிடம் பலமுறை சொல்லியும், “தொட்டியில ஏத்துறோம், வரலேன்னா நாங்க என்ன செய்யறது?” என்பதே விடை. அவர்கள் பொய் சொல்லவில்லை. துணைப்பாடமான இயற்பியலில் நாம் படிப்பதுதான்: குழாயின் நீளம் கூடக் கூட உராய்வினால் அழுத்தம் குறைகிறது, வழியில் திறந்திருக்கும் ஒவ்வொரு குழாயும் மேலும் அதைக் குறைக்கிறது. போதாக்குறைக்குச் சில வீடுகளில் குழாயில் நேரே மோட்டார் வைத்து உறிஞ்சினார்கள்.

வாக்காளர் பட்டியலில் என் பெயர் ஏறிய ஆண்டு 2024. அவ்வாண்டு ஆகஸ்டு 15 கிராம சபைக்கு முன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு வாரம் அளந்தேன். 15 லிட்டர் குடம் முதல் தெருவில் நிரம்ப ஒன்றரை நிமிடம். எங்கள் தெருவில் ஆறு நிமிடம். அதாவது நிமிடத்திற்கு 10 லிட்டருக்கு எதிராக இரண்டரை லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. 1,400 பேருக்கு 77,000 லிட்டர். தொட்டியை இரண்டரை முறைக்கு மேல் நிரப்பியாக வேண்டும். நிரப்பியது ஒரே ஒரு முறை. இவற்றை ஒரு தாளில் எழுதி, கடைசித் தெருவுக்குத் தனி வால்வும் தனி நேரமும் வேண்டும் என்று கேட்டோம்.

எங்கள் தலைவர் ஒரு பெண்மணி. முதல் இரண்டாண்டுகள் அவருடைய கணவரே பேசுவார், அவர் கையெழுத்திடுவார். இந்த வழக்கம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. அன்றும் கணவர்தான் தாளை வாங்கி மடித்துப் பையில் வைக்கப் போனார். தலைவர் கை நீட்டி அதை வாங்கி என்னிடம் கொடுத்து, “நீ எழுதினதை நீயே எல்லாரும் கேக்கப் படிம்மா” என்றார். படித்தேன். முதல் தெருக்காரர் ஒருவர், “காலேஜ் போனா கணக்குக் கேக்கச் சொல்லுதா?” என்றார். “ஆமா, அதுக்குத்தானே அனுப்புனேன்” என்று பெண்கள் பக்கத்திலிருந்து என் அம்மா சொன்னதும் சிரிப்பு எழுந்தது. அம்மா ஐந்தாவதோடு நின்றவர். தீர்மானம் எழுதப்பட்டது. வால்வு வர நான்கு மாதம் ஆயிற்று. மோட்டார்கள் முழுவதும் ஒழியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேதியியல் மாணவி என்ற முறையில் இன்னொன்று. குடிநீரில் ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. 30,000 லிட்டருக்கு 120 கிராம். பவுடரில் 30 விழுக்காடு குளோரின் இருந்தால் லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் ஆகிறது. குழாயின் கடைசியிலும் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். ஆனால் மூட்டை திறந்தே கிடந்தால் பவுடர் காற்றிலும் ஈரத்திலும் வீரியம் இழந்துவிடும்; பிறகு அதே 120 கிராம் வெறும் சுண்ணாம்புதான். தொட்டி இயக்குபவர் கைப்பிடியால் அள்ளிப் போடும் ஊர்களில் நம் மாணவர்கள் ஒரு தராசும், குளோரின் அளக்கும் சோதனைப் பெட்டியும் கேட்டுத் தீர்மானம் போடலாம். செலவு மிகச் சிறிது.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. எங்கள் ஊரும் அவற்றுள் ஒன்று. உறுப்பினர்களுக்குக் காலம் முடியும். கிராம சபைக்குக் காலம் முடிவதில்லை. அடுத்ததாக எங்கள் தெருவார் எழுதி வைத்திருப்பது சுடுகாட்டுப் பாதை. ஐப்பசி மழையில் ஓடையில் இடுப்பளவு நீரில் பாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செல்கிறார்கள். ஓடையின் அகலத்தை அளந்தாயிற்று; பதினோரு அடி. மனுவில் இதுவரை 64 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்; அதில் ஒன்பது பேர் முதல் தெருக்காரர்கள்.