முதல் இலக்கு: ஒரு கிளாஸ் தே தாரிக்

இந்த மாதப் பாடம் உடல் எடையும் உடற்பயிற்சியும் பற்றியது. "நீ என்ன பெரிய டாக்டரா?" என்று கேட்காதீங்க. நான் பொறியியல் படிக்கும் மாணவி. இதில் தோற்றுப்போய், திரும்பக் கணக்குப் போட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

எங்க ஊர் கம்போங் ராஜா. பாட்டி தேயிலை மலையில் கொழுந்து எடுத்தவர். அம்மாவும் அதே வேலைதான். அப்பா காய்கறி லாரி ஓட்டுகிறார், ராத்திரியில் ஏற்றினால் விடியும்போது ஈப்போவில் இருப்பார். பாட்டி காலத்தில் யாரும் "எக்சர்சைஸ்" என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. கூடையைச் சுமந்து மேட்டில் ஏறி இறங்கினாலே போதும். அப்பாவுக்கு உட்கார்ந்தே செய்யும் வேலை. 41 வயதில் இனிப்பு நீர் வந்தது. போன வருஷம் வலது காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள்.

அதே வருஷம் பல்கலைக்கழகத்தில் நடந்த இலவசப் பரிசோதனையில் எனக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.3. இன்னும் நோய் இல்லை, ஆனால் அதற்கு முந்திய படி என்றார் தாதி. எடை 72 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. அப்பாவின் கால்தான் கண் முன்னால் நின்றது.

1. பிரச்சினை எவ்வளவு பெரியது?

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். 2019ஆம் ஆண்டு ஆய்வில் நீரிழிவு நாடு முழுக்க 18.3 விழுக்காடு. நம் இந்தியர்களிடம் மட்டும் 31.4. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர்.

நம் உடம்புவாகும் ஒரு காரணம். ஆசியர்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே இந்த நோய்கள் வருகின்றன. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் பிஎம்ஐ 25க்குப் பதிலாக, ஆசியர்கள் 23இலேயே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்கிறது. கிலோவை உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் பிஎம்ஐ கிடைக்கும். எனக்கு 28.8. இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் எச்சரிக்கை.

2. என் முதல் இலக்கு ஏன் தோற்றது?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. "15 கிலோ குறைக்கணும்" என்று முடிவெடுத்தேன். காரணம் சர்க்கரை மட்டும் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோயில் திருவிழாவில் ஓர் அத்தை எல்லார் முன்னாலும், "என்ன புள்ள, இப்படி குண்டாயிட்டே?" என்று கேட்டிருந்தார். சூப்பும் ஆப்பிளுமாக 11 நாள் ஓட்டினேன். 4 கிலோ இறங்கியது. 12ஆம் நாள் ஆய்வுக்கூடத்தில் மயங்கி விழுந்தேன். அப்புறம் பசியில் சாப்பிட்ட சாப்பாட்டில் ஒரே மாதத்தில் 5 கிலோ ஏறியது.

பிறகுதான் கால்குலேட்டரை எடுத்தேன். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. 15 கிலோவுக்கு 1,15,500. அறுபது நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,925 கலோரி குறைக்க வேண்டும். என் உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படியென்றால் இரண்டு மாதம் ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தால்தான் அந்த இலக்கு நடக்கும். எனக்கு மன உறுதி இல்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு மன உறுதியில் இல்லை, கணக்கில்.

முதலில் இறங்கிய அந்த 4 கிலோவிலும் பெரும்பகுதி தண்ணீர்தான்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தார். "செடியில இருக்கிற இலையெல்லாம் ஒரே நாள்ல உருவிட்டா அடுத்த சுத்துக்கு என்னம்மா எடுப்பே? கொழுந்த மட்டும் கிள்ளணும். செடி பொழைக்கணும்ல?" என்றார். எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

3. நடக்கக்கூடிய இலக்கு எது?

ஆறு மாதத்தில் இப்போதைய எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைப்பது நல்ல தொடக்கம். வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரைதான் பாதுகாப்பு. எனக்கு 5 விழுக்காடு என்றால் 3.6 கிலோ. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 154 கலோரி. கெட்டிப்பால் ஊற்றிய ஒரு கிளாஸ் தே தாரிக் சுமார் 150 கலோரி! அம்மா கிள்ளிய தேயிலையில் தப்பே இல்லை, நாம் ஊற்றும் பாலிலும் சீனியிலும்தான். உடம்பு இளைக்க இளைக்க அதன் தேவையும் குறையும். அதனால் இந்தக் கணக்கு நேர்கோடாகப் போகாது. ஆனால் தொடங்க இது போதும்.

முக்கியமான விஷயம்: கிலோ நம் கையில் இல்லை, செய்கை நம் கையில் இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. எல்லாரும் நீரிழிவுக்கு முந்திய படியில் இருந்தவர்கள். நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் மூன்று ஆண்டில் 39.3 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. சொல்லிக்கொடுக்கப்படாதவர்களில் 55 விழுக்காட்டினருக்கு. இதில் என்னை யோசிக்க வைத்தது, பயன் பெற்றவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பதுதான். தராசு முள் நகராத வாரத்திலும் நடை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

அதனால் "ஒல்லியாகணும்" என்பதை இலக்கு என்று எழுதாதீர்கள். என்ன, எவ்வளவு, எப்போது என்று எழுதுங்கள். நான் எழுதியது இது:

- வாரத்தில் 5 நாள், மாலை 6 மணிக்கு, 30 நிமிடம் வேக நடை. (உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் இதில் வந்துவிடும்.)
- வாரத்தில் 2 நாள் தசைக்கு வேலை: உட்கார்ந்து எழுதல், தண்டால், படி ஏறுதல்.
- தே தாரிக்குக்குப் பதில் தே ஓ கோசோங். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு தே தாரிக்.
- தினமும் எடை பார்த்தால் வார சராசரியை மட்டும் எழுதுவது. உப்பும் தண்ணீரும் ஒரே நாளில் ஒரு கிலோவை ஏற்றி இறக்கும்.

4. நம் மரபு சொல்வது

விரதம் நமக்குப் புதிதல்ல. தைப்பூசத்துக்கு 48 நாள் கட்டுப்பாட்டோடு இருப்பவர்கள் நம் வீட்டிலேயே உண்டு. ஆனால் 49ஆம் நாள் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. விரதம் உடம்பைத் தண்டிக்க இல்லை, பழக்கத்தைப் பண்படுத்த. கீதையின் ஆறாம் அத்தியாயம் அதிகம் உண்பவனுக்கும் யோகம் இல்லை, அறவே உண்ணாதவனுக்கும் இல்லை என்கிறது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் அளவைத்தான் பேசுகிறது. சர்க்கரைக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் விரதத்துக்கு முன் கட்டாயம் மருத்துவரைக் கேளுங்கள். வளரும் வயதுத் தம்பி தங்கைகள் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், விளையாட்டைக் கூட்டினால் போதும்.

5. என் கணக்கு

பழைய 72 கிலோவிலிருந்துதான் கணக்கைத் தொடங்கியிருந்தேன், ஆனால் ஏறிய ஒரு கிலோவையும் சேர்த்தால் 73. ஆறு மாதம் கழித்து 69.5. இடுப்பு 91லிருந்து 86. சர்க்கரை 5.7. பரீட்சை வாரங்களில் நடக்கவே இல்லை, எடையும் ஏறியது. மறு வாரம் திரும்ப நடந்தேன், அவ்வளவுதான். அத்தை கேட்டால் இன்னும் குண்டு என்றுதான் சொல்வார். பரவாயில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, மாலைக் குளிரில் நடக்கக் கிளம்பினேன். அப்பா வாசலில் மெத்தென்ற காலணியைத் தேடிக்கொண்டிருந்தார். "கோயில் வரைக்கும்தான் வருவேன்" என்றார். அவருக்கு அதுதான் நடக்கக்கூடிய இலக்கு.

கலந்துரையாட:

1. உங்கள் பழைய இலக்கு ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடக்கக்கூடியதா?
2. இந்த வாரம் நீங்கள் மாற்றக்கூடிய ஒரே ஒரு பழக்கம் எது?
3. கோயில் விழாக்களில் நம் பந்தியிலும் நம் பேச்சிலும் எதை மாற்றலாம்?
4. வீட்டில் யாரை உங்களோடு நடக்க அழைப்பீர்கள்?