வண்டியைப் பிடிக்கிற அவசரத்தில் எதையெல்லாம் அடக்குகிறீர்கள்?

காலை ஆறு மணிக்கு முன்பே வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறவரா நீங்கள்? அரக்கோணத்திலோ செங்கல்பட்டிலோ கும்மிடிப்பூண்டியிலோ மின்சார ரயில் ஏறி, சென்னையில் இறங்கி, அப்புறம் ஒரு பஸ்ஸையும் பிடித்து ஆபீஸ் போய்ச் சேருகிறவரா? அப்படியானால் இது உங்களுக்காகத்தான்.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். அன்றைக்குத் தாம்பரம் என்றால் ஊருக்கு வெளியே. இன்றைக்கு அங்கே இருக்கிறவர், 'சிட்டிக்குள்ளேதான் இருக்கேன்' என்கிறார்! வாடகை துரத்தத் துரத்த, ஜனங்கள் மறைமலைநகர், செங்கல்பட்டு என்று தள்ளிப் போய்விட்டார்கள். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை நிலையம் ஏறக்குறைய 60 கிலோ மீட்டர். போக, வர, நடுவில் காத்திருக்க என்று கணக்குப் போட்டால் தினமும் மூன்று, நான்கு மணி நேரம் வண்டிக்கே போய்விடுகிறது.

இவர்கள் வைத்தியரிடம் வந்ததும் சொல்வது, 'முதுகு வலி', 'கால் கடுக்குது.' அது கிடக்கட்டும். நான்கைந்து கேள்வி கேட்ட பிறகு, அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார்களே, அதுதான் எனக்குக் கவலை. 'நீர் போகும்போது எரியுது டாக்டர்... அடிக்கடி வருது.' தண்ணீர் எவ்வளவும்மா குடிக்கிறீங்க? 'காலையில காபியோட சரி. வண்டியில வந்துட்டா எங்கே போறது?'

நியாயமான கேள்விதான். நம் மின்சார ரயில்களில் கழிப்பறை கிடையாது. மாநகரப் பஸ்ஸில் கேட்கவே வேண்டாம்.

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. வேகம் என்றால் ஓட்டம் இல்லை. உடம்பு தானாக விடுக்கும் உந்துதல். சிறுநீர், மலம், அபான வாயு, பசி, தாகம், தூக்கம், கொட்டாவி, தும்மல், இருமல் என்று பதினான்கைச் சொல்லி, இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்கிறது அந்தப் பாடம். கல்லூரியில் படித்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். மின்சார ரயிலில் வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது. அந்தப் பட்டியலில் பாதியை இவர்கள் ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் அடக்கிவிடுகிறார்கள்!

முதலில் சிறுநீர். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம் சுமார் 4 சென்டி மீட்டர்தான். கிருமி உள்ளே ஏறுவது சுலபம். தேங்கிய நீரில் அது பெருகும். தண்ணீரும் குடிக்காவிட்டால் அதைக் கழுவிவிட வழியில்லை. நீர்க்கடுப்பு வருகிறது. சென்னை வெயிலில் வியர்வையாகவும் நீர் போய்விடுவதால் சிறுநீர் சுண்டி, ஆண் பெண் இருவருக்குமே கல்லடைப்பு வரலாம்.

இதற்கு வழி, தண்ணீரை நிறுத்துவது அல்ல. குடிக்கிற நேரத்தை மாற்றுவது. எழுந்தவுடன் இரண்டு டம்ளர் குடித்துவிடுங்கள். வண்டி ஏற ஒரு மணி நேரம் இருக்கும்போது நிறுத்திக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் கழிப்பறைக்குப் போங்கள். வண்டியில் தாகம் எடுத்தால் இரண்டு வாய் போதும். ஆபீஸில் கால் வைத்ததும் மறுபடி ஒரு டம்ளர். சிறுநீர் வெளுத்துப் போகிறதா என்று பாருங்கள், அதுதான் அளவுகோல். சாயங்காலம் 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று நினைக்காமல், ஆபீஸிலேயே போய்விட்டுக் கிளம்புங்கள். மெட்ரோ நிலையங்களில் கழிப்பறை உண்டு. வழியில் மெட்ரோ மாறுகிறவர்கள் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள்.

நெருஞ்சில், கொத்தமல்லி விதை வகைக்கு ஒரு தேக்கரண்டி எடுத்து இடித்து, இரண்டு டம்ளர் நீரில் போட்டு ஒன்றாகச் சுண்ட வைத்து வடிகட்டி, லீவு நாளில் குடிக்கலாம். லீவு நாளில் என்று ஏன் சொல்கிறேன் தெரிகிறதல்லவா? நீரைப் பெருக்கும் சரக்கு அது. குடித்துவிட்டு ரயில் ஏறினால் வம்புதான்! கர்ப்பிணிகளும், சிறுநீரகம், இதயத்தில் கோளாறு உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. தண்ணீர் அளவும் அவர்களுக்கு டாக்டர் சொன்னதுதான். குளிர் ஜுரம், விலாவில் வலி, நீரில் ரத்தம் இதில் எது வந்தாலும் கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்தது மலம். வண்டிக்கு நேரமாச்சு என்று காலையில் வருவதை ஒத்திப்போட்டால், உடம்பு நாளடைவில் கேட்பதையே நிறுத்திவிடும். மலச்சிக்கல், பின்னால் மூலம். இருபது நிமிஷம் முன்னதாக எழுந்து வெந்நீர் குடித்து, நிதானமாக உட்காருங்கள். வராததை முக்கி வரவழைக்கவும் வேண்டாம். ராத்திரி எட்டரைக்குள் சாப்பாடு, அதில் கீரையோ வாழைத்தண்டோ இருந்தாலே பாதி வேலை முடிந்தது. போதாவிட்டால் கடுக்காய்த்தூள் அரைத் தேக்கரண்டி வெந்நீரில் படுக்கும் முன், கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். முதல் தடவை சனிக்கிழமை ராத்திரி எடுத்துப் பாருங்கள். நிலாவாகைச் சூரணத்தைத் தினசரிப் பழக்கமாக்காதீர்கள். குடல் அது இல்லாமல் அசையாது என்றாகிவிடும்.

அபான வாயு? கூட்டத்தில் என்ன செய்ய என்று சிரிக்கிறீர்கள். முந்தின ராத்திரி மொச்சையையும் உருளைக்கிழங்கையும் குறைத்தால் அந்தச் சங்கடமே வராது.

பசி விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். லேடீஸ் கம்பார்ட்மென்டில் பாருங்கள், வீட்டுக்காகப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு வருவார்கள்; தான் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். டப்பாவில் மூன்று பொடி இட்லி எடுத்துப் போங்கம்மா, உட்கார இடம் கிடைத்ததும் சாப்பிடுங்கள். யார் என்ன நினைப்பார்கள்? குறிப்பாகச் சர்க்கரை நோய்க்காரர்கள்: மாத்திரை போட்டுக்கொண்டோ இன்சுலின் குத்திக்கொண்டோ, 'சாப்பாடு ஆபீஸ்ல' என்று வெறும் வயிற்றோடு வண்டி ஏறுவது ஆபத்து. ரயில் நடுவழியில் அரை மணி நின்றால் போதும், சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மயக்கமே வரும். உணவுக்கு முன் போட வேண்டிய மருந்தைச் சாப்பாடு கையில் இருக்கும்போதுதான் போடலாம்; நேரத்தை எப்படி மாற்றுவது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பையில் குளுக்கோஸோ நான்கு ஸ்பூன் சர்க்கரைப் பொட்டலமோ எப்போதும் இருக்கட்டும். அந்த நேரத்துக்குக் கடலை மிட்டாய் உதவாது. ரத்தத்தில் சேர நேரமாகும்.

தூக்கம்... பகல் தூக்கம் கூடாது என்று சொல்லும் கட்சிதான் நானும். ஆனால் ராத்திரி பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறவருக்கு அந்த விதியைச் சொல்ல மனசு வரவில்லை. ஜன்னல் சீட் கிடைத்தால் தூங்குங்கள். கழுத்து தொங்காமல் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் அசருவது மட்டும் கூடவே கூடாது.

முதுகுக்கும் காலுக்கும் வருகிறேன். நின்றுகொண்டே போகும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் ரத்தத்தை மேலே தள்ளும். பையை ஒரே தோளில் மாட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை உளுந்துத் தைலத்தை இளஞ்சூடாக்கி இடுப்பிலும் காலிலும் தேய்த்து, அரை மணி கழித்து வெந்நீரில் குளியுங்கள். நரம்பு சுருண்டு புடைத்திருக்கும் இடத்தில் மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.