இறுதி நேரத்துப் பந்து வீச்சாளர்

ஓர் ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவரை அனைவரும் அறிவர். அதனை முடித்து வைப்பவரோ தம் முறை வரும் வரையில் ஓர் ஓரத்தில் காத்திருப்பார். அமெரிக்க நாட்டு மக்கள் பெரிதும் விரும்பும் பேஸ்பால் என்னும் அடிபந்தாட்டத்தில் இத்தகையோர்க்கெனத் தனியிடம் உண்டு. அவ்வாட்டம் ஒன்பது பகுதிகளாக நடைபெறும். முதலில் பந்தெறிந்தவர் களைப்புற்றதும் அவருக்கு மாற்றாக வேறொருவர் களம் புகுவார். அவ்வாறு மாற்றாக வருவோருள் தேர்ந்தவர் ஒருவரிடமே கடைசிப் பகுதி ஒப்படைக்கப்படும். பெற்ற முன்னிலையை இழந்துவிடாமல் காத்து ஆட்டத்தை முடித்துத் தருவது அவர் கடமை. பனாமா நாட்டு மீனவர் ஒருவரின் மகனாகிய மரியானோ ரிவேரா என்பவர் 1995 முதல் 2013 வரை நியூயார்க் யாங்கீஸ் அணியில் ஆடி, 652 ஆட்டங்களை இவ்வாறு காத்துக் கொடுத்தார். மட்டையை நெருங்கும்போது சற்றே விலகிச் செல்லும் ஒரே வகைப் பந்தைத்தான் அவர் பெரிதும் நம்பினார். அதனைப் பழுதற எறியக் கற்றமையே அவர் பெருமைக்குக் காரணமாயிற்று.

கிரிக்கெட் ஆட்டத்திலும் இத்தகைய கடமை உண்டு. ஆட்டம் முடியும் தறுவாயில் மட்டையாளர் ஒவ்வொரு பந்தையும் எல்லைக்கு அப்பால் அடிக்க முயல்வர். அவ்வேளையில் பந்து வீச்சாளருக்கு உற்ற துணை 'யார்க்கர்' என்னும் பந்தே ஆகும். 22 கஜ நீளமுள்ள ஆடுகளத்தின் மறுமுனையில் நிற்கும் மட்டையாளரின் காலடியிலேயே அது வந்து விழும். மட்டையை ஓங்கி வீச அங்கு இடமிராது. ஆனால் பந்து ஓரடி முன்னால் விழுந்தாலும் மட்டையாளருக்கு எளிதாகும். தரையில் விழாமலே சென்றாலோ பெருவிருந்தாகும். ஆகவே மிகுந்த துல்லியம் இல்லாதவர் இப்பந்தை வீசத் துணியார். இதனையே தம் படைக்கலமாகக் கொண்டு உயர்ந்தவர் நம் கொங்கு நாட்டைச் சேர்ந்த த. நடராசன் ஆவார்.

நடராசன் 1991-ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் பிறந்தார். தறியோசை ஓயாத ஊர்கள் நிறைந்த பகுதி அது. தந்தையார் நெசவுக் கூடத்தில் கூலி வேலை செய்தார். தாயார் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை ஒன்றை நடத்தினார். ஐந்து பிள்ளைகளுள் நடராசனே மூத்தவர். இருவர் உழைத்தும் குடும்பத்தின் தேவைகள் முற்றும் நிறைவேறவில்லை. இத்தகைய வீட்டுப் பிள்ளைக்கு விலையுயர்ந்த மட்டையும் காலணியும் எவ்வாறு கிட்டும்? ஊரார் ஆடிய டென்னிஸ் பந்து ஆட்டமே அவருக்குக் கிடைத்தது. எடை குறைந்த அப்பந்தை இடக்கையால் விரைந்து வீசி, மட்டையாளரின் காலடியில் இறக்க அவர் கற்றுக்கொண்டார்.

அவ்வூரில் ஜெயப்பிரகாஷ் என்பவர் இருந்தார். கிரிக்கெட் ஆட்டத்தில் தாமும் ஈடுபாடு கொண்டிருந்த அவர், இளைஞர் நடராசனின் கையில் ஒளிந்திருந்த ஆற்றலைக் கண்டார். ஊர்த் திடலோடு அது நின்றுவிடலாகாது எனக் கருதி அவரைச் சென்னைக்கு அனுப்புவித்தார். இருபது வயது வரையில் டென்னிஸ் பந்தையே அறிந்திருந்த நடராசன், அங்கேதான் தோலால் மூடப்பட்ட கடினப் பந்தைப் பழகலானார். பிற நகரத்து இளைஞர் பள்ளிப் பருவத்திலேயே கற்றவற்றை அவர் காலந்தாழ்ந்தே கற்க நேர்ந்தது. எனினும் நான்காம் பிரிவுப் போட்டிகளில் தொடங்கிச் சில ஆண்டுகளில் முதற் பிரிவை அடைந்தார். 2015-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கொல்கத்தா ஈடன் தோட்டத் திடலில் வங்காள அணிக்கு எதிராகத் தமிழ்நாட்டு அணியில் முதன்முதலாக ஆடினார்.

நெடுநாள் உழைப்பின் பயன் கைகூடிய அவ்வேளையில் பேரிடி ஒன்று விழுந்தது. அவர் பந்து வீசும் முறை ஐயத்துக்கு உரியதென நடுவர்கள் அறிவித்தனர். பந்தை வீசுகையில் முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரலாகாது என்பது கிரிக்கெட் விதி. அதனை மீறினால் அது வீச்சாகாது, எறிதலே ஆகும். அடுத்த பருவத்தில் தமிழ்நாட்டு அணியில் அவர் இடம்பெறவில்லை.

மாணவர்களே, அவருடைய நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தெரியாத ஒன்றைக் கற்பது ஒருவகையில் எளிது. பல ஆண்டுகள் உடம்பில் ஊறிய பழக்கத்தை மறந்து, அதே செயலை வேறு வகையாகச் செய்யக் கற்பதோ மிகவும் அரிது. தையற்காரர் ஒருவரை நோக்கி, இனி மறு கையால் கத்தரியைப் பிடி என்று சொல்வதற்கு அது ஒப்பாகும். வீட்டின் வறுமையோ அவரை ஊருக்குத் திரும்பி வா என அழைத்துக்கொண்டிருந்தது. நடராசன் மனம் சோர்ந்தார். எனினும் பந்தைக் கீழே போட்டுவிடவில்லை. தமிழ்நாட்டின் முன்னாள் ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் அவருக்குத் துணை நின்றனர். முழங்கையின் அமைப்பை மாற்றி நாள்தோறும் வீசிப் பழகினார். விதிக்கு உட்பட்ட புதிய வீச்சு ஒன்று உருவாயிற்று. பழைய யார்க்கர் அந்தப் புதிய கையிலும் மீண்டும் குடிகொண்டது.

2016-ஆம் ஆண்டில் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்னும் போட்டி தொடங்கப்பட்டது. சிற்றூர் இளைஞர்களுக்குத் தம் திறனைக் காட்ட அது நல்ல மேடையாயிற்று. கோவையில் பீளமேட்டை அடுத்த நவஇந்தியாப் பகுதியிலுள்ள ஸ்ரீராமகிருஷ்ணா கல்லூரித் திடலிலும் 2022 முதல் அப்போட்டிகள் நடைபெற்றிருக்கின்றன. அதன் முதலாண்டிலேயே திண்டுக்கல் அணிக்காக ஆடிய நடராசன், சமநிலையில் முடிந்த ஓர் ஆட்டத்தின் முடிவைக் காண வீசப்பெற்ற தனி ஓவரில் ஆறு பந்துகளையும் யார்க்கராகவே வீசி யாவரையும் வியப்பில் ஆழ்த்தினார்.

அடுத்த ஆண்டில் இந்தியன் பிரீமியர் லீக் ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை மூன்று கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஆனால் அவ்வாண்டு அவர் வீழ்த்தியவர்கள் இருவரே. 2018-இல் ஐதராபாத் அணிக்கு மாறினார். அவ்வாண்டும் அதற்கடுத்த ஆண்டும் ஓர் ஆட்டத்திற்கேனும் அவருக்கு வாய்ப்பு வரவில்லை. இரண்டு ஆண்டுகள் பயிற்சி செய்துகொண்டு வெளியே அமர்ந்திருந்தார். 2020-இல் வாய்ப்பு வந்தபோது 16 பேரை வீழ்த்தினார். வெளியேற்றும் ஆட்டத்தில், உலகப் புகழ்பெற்ற டி வில்லியர்சு அவருடைய யார்க்கரால் குச்சிகள் சரிய வெளியேறினார்.

அதன் பின்னர் இந்திய அணி ஆஸ்திரேலியா சென்றது. பயிற்சியில் மட்டையாளருக்குப் பந்து வீசிக் கொடுப்பவராகவே நடராசன் உடன் அழைத்துச் செல்லப்பட்டார். அந்நாளில் ஊரில் அவருக்குப் பெண் மகவு பிறந்திருந்தது; அதன் முகத்தைக் காணாமலே கடல் கடந்தார். அணியினர் ஒருவர் பின் ஒருவராகக் காயமுற, காத்திருந்தவருக்கு அழைப்பு வந்தது. 2020 திசம்பர் 2-இல் ஒருநாள் ஆட்டம், 4-இல் இருபது ஓவர் ஆட்டம், 2021 சனவரி 15-இல் பிரிசுபேன் நகரில் டெஸ்ட் ஆட்டம் என மூவகை ஆட்டங்களிலும் அவர் அறிமுகமானார். ஒரே பயணத்தில் இவ்வாறு அறிமுகமான முதல் இந்தியர் அவரே. பிரிசுபேன் திடலில் 1988-க்குப் பின் டெஸ்ட் ஆட்டத்தில் தோல்வியே காணாதிருந்த ஆஸ்திரேலிய அணியை இந்தியா வென்றது. அணித்தலைவர் ரகானே வெற்றிக் கோப்பையை நடராசனின் கையில் கொடுத்தார்.

2021 மார்ச்சு 28-ஆம் நாள் புனேயில் இங்கிலாந்து அணியுடன் நடந்த ஒருநாள் ஆட்டம் அவர் கலையின் பெருமையை நன்கு விளக்கும். இங்கிலாந்து வெல்ல 330 ஓட்டங்கள் வேண்டும். கடைசி ஓவரில் 14 ஓட்டங்களே எஞ்சியிருந்தன. தனியொருவராக நின்று அணியைக் கரையருகே கொண்டு வந்திருந்த சாம் கரன் களத்தில் இருந்தார். பந்து நடராசனிடம் தரப்பட்டது. அந்த ஓவரில் அவர் கொடுத்தவை ஆறு ஓட்டங்களே. இந்தியா ஏழு ஓட்டங்களில் வென்றது.

அதன்பின் முழங்காலில் அறுவை மருத்துவம் செய்துகொள்ள நேர்ந்தது. நெடுநாள் ஓய்வும் வேண்டியிருந்தது. இந்திய அணியில் அவர் ஆடிய காலம் குறுகியதே. ஆயினும் 2024-ஆம் ஆண்டு இந்தியன் பிரீமியர் லீக் போட்டியில் 19 பேரை வீழ்த்தித் தம் யார்க்கர் மங்கவில்லை என்பதைக் காட்டினார்.

உயர்ந்த பின்னும் அவர் தம் ஊரை மறந்தாரல்லர். சின்னப்பம்பட்டியில் அவர் அமைத்த கிரிக்கெட் திடல் 2023 சூன் திங்களில் திறக்கப்பெற்றது. ஜெயப்பிரகாசும் அவரும் அவ்வூர் இளைஞர்களுக்கு முன்னரே பயிற்சி அளித்து வந்தனர். அவர்களுள் ஒருவராகிய பெரியசாமி, 2019-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதியாட்டத்தில் 15 ஓட்டங்களே கொடுத்து ஐவரை வீழ்த்தினார். தமக்கு ஒருவர் காட்டிய வழியை நடராசன் பிறருக்கும் திறந்து வைத்தார் என்பதற்கு இது சான்றாகும்.

புனேயில் வீசப்பெற்ற கடைசி ஓவரை உலகம் கண்டது. முழங்கையைத் திருத்த அவர் தனியே வீசிய ஆயிரக்கணக்கான பந்துகளை எவரும் கண்டிலர். வாய்ப்பின்றி வெளியே அமர்ந்திருந்த இரண்டு ஆண்டுகளை எவரும் பாராட்டவில்லை. எனினும் அந்நாட்களில் அவர் பயிற்சியைக் கைவிட்டிருந்தால், அழைப்பு வந்த நாளில் அவர் கை ஆயத்தமாக இருந்திராது. நம்முள் பலருக்கும் வாய்ப்பு காலந்தாழ்ந்தே வரலாம். குறை சுட்டப்படும்போது சினம் கொள்ளாமல் அதனைத் திருத்திக்கொள்வதும், அழைப்பு வராத நாளிலும் தம் கடமையைத் தவறாது செய்வதும் நாம் அவரிடம் கற்க வேண்டிய பாடங்களாகும்.