கோமாவைப் படித்தவர்

கேள்வி: கோமாவில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்வதில் நரம்பியல் மருத்துவருக்கு அப்படி என்ன ஆராய்ச்சி இருக்கிறது? அதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவின் ஃப்ரெட் பிளம் (1924–2010). முப்பது வயதுகூட ஆகாதபோதே சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழக நரம்பியல் பிரிவுக்குத் தலைவரானவர். தூக்க மாத்திரையை அளவுமீறி விழுங்கியவர்கள் நினைவிழந்து அங்கே வந்து சேர்வார்கள். அன்று சி.டி. ஸ்கேன் கிடையாது. கண்பாவை வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, மூச்சு எப்படிப் போகிறது, தலையைத் திருப்பினால் விழி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தே மூளையில் பழுது எங்கே என்று கணிக்கும் முறையை வகுத்தார். ஜெரோம் போஸ்னருடன் 1966-இல் அவர் எழுதிய நூல் திருத்திய பதிப்புகளாக இன்றும் வருகிறது. முழு நினைவிருந்தும் கண்ணைத் தவிர எதையும் அசைக்க முடியாத ‘லாக்ட்-இன்’ நிலைக்குப் பெயர் கிடைத்தது அதில்தான். என் கணக்கில் இதுவே அவருடைய பெரிய காரியம். அதுவரை அப்படிப்பட்டவர்களின் கட்டிலருகே நின்று உறவினர்கள் என்னென்ன பேசியிருப்பார்களோ!

1972-இல் கிளாஸ்கோவின் பிரையன் ஜெனட்டோடு சேர்ந்து, விழித்துத் தூங்கினாலும் உணர்வின் அடையாளமே இல்லாத நிலையை ‘லான்செட்’ இதழில் விவரித்தார்.

பிளம்மிடம் பயின்ற நிக்கலஸ் ஷிஃப்பின் குழு, தலைக்காயத்தால் ஆறு ஆண்டுகளாக அரைகுறை நினைவோடு கிடந்த 38 வயதுக்காரரின் மூளையில், தலாமஸ் என்ற பகுதியில் மின்முனைகளைப் பொருத்தித் தூண்டியது. அவர் வாயால் சாப்பிட்டார், சில சொற்கள் பேசினார். 2007-இல் வெளியான அந்த ஆய்வில் நோயாளி ஒரே ஒருவர்தான். அதை வைத்து எல்லோருக்கும் நம்பிக்கை சொல்லிவிட முடியாது.