வீடு வந்தது, கடன் ஏன் வரவில்லை?

கேள்வி: திருத்தங்கலில் சிறிதாக ஒரு ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறேன். அனுப்பன்குளம் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு தம்பி என்னிடம் வேலை பார்க்கிறார். இங்கேயே பிறந்தவர், டிகிரி முடித்தவர், காலண்டர் டிசைனில் கை தேர்ந்தவர். தனியாக ஒரு டிசைன் சென்டர் வைக்கலாம் என்று வங்கிக்குப் போனார். முகாம் அட்டைக்குக் கடன் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐ.நா.வும் உலக வங்கியும் கைகோத்து அகதிகளை முன்னேற்றுவதாகப் படிக்கிறேன். அதெல்லாம் நம் விருதுநகர் பக்கம் ஏன் எட்டிப் பார்ப்பதில்லை? நான் அவருக்கு என்ன செய்யலாம்?
- வாசகர் ஒருவர், திருத்தங்கல்

பதில்: யாருடைய பணம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பியின் வீடு, மாதாமாதம் வரும் பணக்கொடை, ரேஷன் அரிசி எல்லாம் நம் அரசுகள் தருபவை. இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ராமேசுவரத்தில் படகுகள் வந்து இறங்கத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. மாநில அரசு செலவழிக்கும்; நிவாரணச் செலவை மத்திய அரசு ஈடுகட்டும். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி வந்தார்கள். இப்போது சுமார் 58,000 பேர் முகாம்களில் இருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்திலேயே குல்லூர்சந்தை, மல்லாங்கிணறு, செவலூர், கண்டியாபுரம், ஆனைக்குட்டம், மொட்டமலை, அனுப்பன்குளம் என்று ஏழு முகாம்கள்.

ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு 1992 முதல் சென்னையில் அலுவலகம் உண்டு. ஆனால் அது திறக்கப்பட்ட காரணமே வேறு. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு முகாம்களில் கெடுபிடி கூடியது. தொண்டு நிறுவனங்கள் உள்ளே போகத் தடை வந்தது. 1992 தொடக்கத்தில் ஆட்களைத் திருப்பி அனுப்பும் வேலையும் ஆரம்பமானது. விருப்பப்பட்டுத்தான் போகிறார்களா என்று வெளியுலகம் கேட்டது. அதைச் சரிபார்க்கத்தான் ஆணையத்தை அனுமதித்தார்கள். பின்னாளிலும் நாடு திரும்பியவர்களுக்கு விமான டிக்கெட்டும் கைச்செலவுத் தொகையும் தந்தது அவர்கள்தான். திரும்பாதவரின் வாழ்க்கையில் அவர்களுக்குப் பெரிய இடமில்லை. முகாமுக்குள் படிப்பு, உடல்நலம் என்று நின்று வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் அகதிகளே. எஸ்.சி.சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அப்படிப்பட்டது.

நீங்கள் படித்தது பொய்யல்ல. உயிரைக் காக்கிற உதவி ஒரு துறையாகவும் பள்ளி, தொழில், கடன் என்கிற வளர்ச்சிப் பணி இன்னொரு துறையாகவும் பிரிந்து கிடப்பது தப்பு என்று 1984-லேயே ஜெனீவாவில் பேசினார்கள், ஆப்பிரிக்க அகதிகளுக்கான மாநாட்டில். பேச்சு செயலாக முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. 2016-ல் நிதி தரும் நாடுகளும் அமைப்புகளும் ஜோர்டானோடு ஓர் ஒப்பந்தம் செய்தன. சிரிய அகதிகளுக்கு இரண்டு லட்சம் வேலை அனுமதி என்பது இலக்கு. பதிலுக்கு உலக வங்கியின் சலுகைக் கடனும் ஐரோப்பியச் சந்தையில் சலுகையும் ஜோர்டானுக்கு. 2017-ல் அகதிகளுக்கு இடம்கொடுக்கும் ஏழை நாடுகளுக்காக உலக வங்கி 200 கோடி டாலர் தனியாக ஒதுக்கியது. 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அகதிகளுக்கான உலக உடன்பாட்டை ஏற்றது.

ஜோர்டானில் நடந்தது சிவகாசிக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி. அகதிகளை வைத்து ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளை நிரப்பலாம் என்று கணக்குப் போட்டார்கள். சிரியர்கள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. கூலி குறைவு, தூரம் அதிகம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. விவசாயத்துக்கும் கட்டட வேலைக்கும்தான் அதிகம் பேர் அனுமதி எடுத்தார்கள். முகாமில் ஆள் இருக்கிறது, பட்டாசு ஆலைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நம் பக்கத்திலும் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு வளர்ச்சி என்று பெயர் வைக்காதீர்கள்.

உகாண்டாவின் வழி வேறு. 2006-ல் இயற்றிய சட்டத்தின்படி அகதி வேலை பார்க்கலாம், நாட்டுக்குள் போய்வரலாம். வருகிற உதவியில் ஏறத்தாழ முப்பது சதவீதம் சுற்றியுள்ள உள்ளூர் மக்களுக்குப் போக வேண்டும் என்பது அங்கே நடைமுறை. முகாமுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டினால் பக்கத்து ஊருக்கும் குழாய் போகும். பொறாமைக்கு வேலை இல்லை.

இந்தியாவுக்கு இந்த வழிகள் ஏன் திறக்கவில்லை? உலக வங்கியின் அந்த ஒதுக்கீடு பெறும் ஏழை நாடுகளின் பட்டியலில் நாம் இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. சட்டத்தின் கண்ணுக்கு உங்கள் தம்பி அகதிகூட அல்ல, வெளிநாட்டவர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்ற மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. இலங்கைக்கு அதில் இடமில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு தந்தது. நல்லதுதான். ஆனால் விலக்கு வேறு, உரிமை வேறு. வங்கி மேலாளர் பார்ப்பது உரிமையை.

தமிழ்நாடு தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முடிவானது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. குடும்பத் தலைவருக்கான பணக்கொடை 1,000-லிருந்து 1,500 ரூபாயானது. முகாம் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் நம் பிள்ளைகளோடுதான் படிக்கிறார்கள். இதைச் செய்யப் பல நாடுகள் இன்னும் திணறுகின்றன. நிவாரணமும் வளர்ச்சியும் ஒரே அரசின் கையில் சேர்ந்திருக்கும் அபூர்வமான இடம் இது. மாநிலத்தின் கை எட்டாத ஒரே இடம் டெல்லியில் இருக்கிறது: குடியுரிமை.

இன்னொன்று. 2018 முதல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை ராமநாதபுரமும் விருதுநகரும்தான். ஊட்டச்சத்து, கல்வி, தொழில்திறன் எல்லாம் அதில் அளக்கப்படுகின்றன. மேலே சொன்ன ஏழு முகாம்களும் விருதுநகருக்குள்தான் இருக்கின்றன. அந்தத் திட்டத்தின் தொழிற்பயிற்சியில் முகாம் இளைஞர்களுக்கு இடம் கேட்டு உங்கள் அச்சக உரிமையாளர்கள் சேர்ந்து ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். அதற்கு எந்த வெளிநாட்டின் தயவும் வேண்டாம்.

இனி உங்கள் தம்பி. வருகைப் பதிவேட்டில் பெயரை எழுதி, சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடுங்கள். ஈ.எஸ்.ஐ.யும் விபத்து இழப்பீடும் குடியுரிமை கேட்பதில்லை. பாசத்தில் உங்கள் பெயரில் கடன் வாங்கி அவருக்குக் கடை வைத்துக்கொடுக்காதீர்கள். பின்னால் மனத்தாங்கல் வந்தால் கையில் காகிதம் இல்லாதவர் அவர்தான். வீட்டுப் பெண்கள் முகாமின் மகளிர் சுய உதவிக்குழுவில் இருந்தால் சிறு முதலுக்கு அது நேரான வழி.

அதைவிட முக்கியமாக, பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதை வைத்து நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் போட்டார். அந்தத் தேதியிலிருந்து 2004 டிசம்பர் 3-க்கு முன்வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். அம்மா உள்ளூர்க்காரரா, அப்பா மண்டபத்தில் பிறந்தவரா, தாத்தா மலையகத் தோட்டத்திலிருந்து சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியக் குடியுரிமைக்குப் பதிந்தவரா என்று ஒவ்வொரு தாளாகப் பாருங்கள். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அவரை அழைத்துப் போங்கள். வருமானம் குறைந்தவருக்கு அங்கே வழக்கறிஞர் இலவசம்.