கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? சூடாகி நின்று விடுகிறதா?

ஆட்டோ இக்னிஷன் கேஸ் அடுப்பு பற்றவில்லை என்றால் யாரும் உடனே அடுப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவதில்லை. 'டிக் டிக்' என்று பொறி வருகிறதா என்று பார்க்கிறோம். பொறியே இல்லை என்றால் பேட்டரியைக் கவனிக்கிறோம். பொறி வந்தும் பற்றவில்லை என்றால் சிலிண்டர், ரெகுலேட்டர், பர்னர் துளை என்று தேடுகிறோம். கம்ப்யூட்டரிலும் இதே வழிதான். மின்சாரம் உள்ளே வருகிறதா, வந்தும் இயங்கவில்லையா என்று முதலில் பிரித்துவிட வேண்டும்.

பவர் பட்டனை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, ஃபேனும் சுற்றவில்லை என்று வைத்துக் கொள்வோம். யு.பி.எஸ். ஆன் ஆகியிருக்கிறதா, பவர் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா, பின்புறம் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள சிறிய ஸ்விட்ச் ஆன் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். மானிட்டரின் கேபிளும் பெரும்பாலும் அதே வகைதான், மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இவை சரியாக இருந்தால் கேபிளைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். மீண்டும் இணைத்தால் பல கம்ப்யூட்டர்கள் உயிர் பெறும். அப்போதும் அசையவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். மீது சந்தேகம் கொள்ளலாம். ஆனால் அதைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக் கூடும்.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் பொறி வந்தும் அடுப்பு பற்றாத கதை. பெரும்பாலும் ராம்தான் காரணம். மின் இணைப்பை எடுத்துவிட்டு ராமைக் கழற்றுங்கள். தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, இரு பக்கமும் 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள்.

இனி சூட்டுக்கு வருவோம். எங்கள் அவலூர்பேட்டையில் சித்திரை மாதத்தில் எனக்கு வரும் விசாரணைகளில் பாதி இதுதான். ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் நண்பர் ஒருவரின் கடையில், காலையில் ஒழுங்காக ஓடும் கம்ப்யூட்டர் மதியத்தில் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக அணைந்தது. அன்று அரசுத் தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். வாசலில் பத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒரு சர்வீஸ் கடையில் "மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லியிருந்தார்கள். காலையில் ஓடி மதியம் நிற்கிறது என்பதே எனக்குப் போதுமான துப்பு. மதர்போர்டு செத்திருந்தால் அது காலை, மாலை பார்க்காது.

பயாஸ் உள்ளே போய்ப் பார்த்தேன். ஆன் செய்தவுடன் டெலிட் அல்லது எஃப்2 கீயைத் தட்டினால் பயாஸ் வரும். சில கம்பெனிகளில் எஃப்10. அதில் ஹார்டுவேர் மானிட்டர் அல்லது பி.சி. ஹெல்த் என்ற பகுதியில் ப்ராசஸரின் வெப்பநிலை தெரியும். வேலையே இல்லாமல் 50, 60 டிகிரி என்றால் கவலை இல்லை. அங்கே 88 காட்டியது. மூடியைத் திறந்தால், ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையில் நெல் தூசி பஞ்சு மெத்தை போல் அடைத்திருந்தது. நெல் மூட்டை ஏற்றி இறக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கடை, வேறென்ன இருக்கும்! பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்த பிறகு 54க்கு இறங்கியது. செலவு ஒன்றுமில்லை.

தூசி எடுக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டாம். தூசி எடுத்தும் சூடு குறையவில்லை என்றால் ப்ராசஸர் மேல் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழையதைத் துடைத்துவிட்டுப் பச்சைப் பயறு அளவு புதியது வைத்தால் போதும். டூத் பேஸ்ட் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நாலு நாளில் காய்ந்து சுண்ணாம்பாகிவிடும்.

சூடு ஏறினால் ப்ராசஸர் முதலில் வேகத்தைக் குறைக்கும். இன்றைய ப்ராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதற்கு மேலும் ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். இந்தப் பாதுகாப்பு எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் இணையதளம் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களில் ஹீட் சிங்கைக் கழற்றிச் சோதித்தது. பென்டியம் 4 வேகம் குறைந்து பிழைத்தது, ஏ.எம்.டி. அத்லான் புகைந்து போனது. ஆகவே தானாக அணைகிறது என்றால் கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள், அது எச்சரிக்கிறது.

எவ்வளவு நல்ல ஃபேன் போட்டாலும் அறையின் சூட்டைவிடக் கீழே கொண்டு போக முடியாது. சிமெண்ட் ஷீட் கூரையின் கீழ் வைத்திருப்பவர்கள், மேஜையைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்தால் அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும்.

கேபினெட்டைத் தொட்டால் 'சுருக்' என்கிறதா? அது சூட்டுப் பிரச்சினை அல்ல, எர்த் இல்லை என்று பொருள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் சாக்கெட்டில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால், வேறெதையும் தொடும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள்.