பழைய உபுண்டுவைப் புதுப்பிக்கும் முன்

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் வீடுகளிலும் உபுண்டு 20.04 ஓடும் மடிக்கணினிகள் இருக்கின்றன. அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. கணக்கு, வங்கி வேலை எல்லாம் அதில்தான் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

20.04இலிருந்து நேரே 24.04க்குத் தாவ முடியாது. முதலில் 22.04, பிறகுதான் 24.04.

காலையிலேயே தொடங்குங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் மதியத்துக்கு மேல் இடிமழை வந்து மின்சாரம் போனால், பாதியில் நின்ற கணினி மறுபடி எழாமலே போகலாம். பேட்டரி பழுதா? யுபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம்.

வெளிவட்டில் நகல் எடுக்கும்போது கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்துங்கள். மறைந்திருக்கும் கோப்புறைகள் தெரியும். நீங்கள் சேர்த்துவைத்த பழைய தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். யூனிகோடுக்கு முந்திய திஸ்கி கோப்புகளை, யூனிகோடுக்கு மாற்றாதவரை, அவை இல்லாமல் படிக்க முடியாது. தாத்தா தட்டச்சு செய்த கடிதமாகக்கூட இருக்கலாம், விட்டுவிடாதீர்கள்.

புதிய பதிப்பை முதலில் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள்.

புதுப்பித்த பின் தமிழ்99 விசைப்பலகை காணவில்லையா? ஐபஸ் எம்17என் தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். வெளியார் களஞ்சியங்கள் முடக்கப்பட்டிருக்கும். தேவையானதை மட்டும் திரும்ப இயக்குங்கள்.

நினைவகம் 4 ஜிபிக்குக் குறைவென்றால் லுபுண்டு நல்லது. இப்போதைக்கு மாற்றவே முடியாதவர்கள் ஆதரவு தொடர உபுண்டு புரோவில் பதிவுசெய்யலாம்; சொந்தப் பயன்பாட்டுக்கு 5 கணினிகள் வரை இலவசம்.